குடியத்தில் குடியிருந்தது யார்?

எங்கள் பக்கம் பூண்டி என்ற பெயரை யாரும் சுற்றுலாவோடு சேர்த்துச் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அது ஓர் எச்சரிக்கை. "பூண்டி ஏரியிலிருந்து உபரிநீர் திறப்பு, கொசஸ்தலை ஆற்றின் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று டிவியில் ஓடும். ஊர்ப் பட்டியலின் வால்பகுதியில் மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் என்று வரும்போது அம்மா அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றச் சொல்வார். திருவொற்றியூரில் வளர்ந்த எனக்கு முப்பத்தைந்து வயதுவரை பூண்டி என்றால் மேற்கே எங்கோ இருக்கிற ஒரு கதவு. அதைத் திறந்தால் இங்கே தண்ணீர் ஏறும். அவ்வளவுதான் தெரியும்.

2018 ஜனவரி கடைசியில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் தோண்டியெடுத்த கற்கருவிகளில், இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது என்று. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டார்கள், நாலு பேர் கைதட்டினார்கள், அப்புறம் டீம் லஞ்ச் பேச்சு வந்துவிட்டது. நான் மட்டும் மேப்பைத் திறந்து அந்த ஊரைத் தேடினேன். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் கொசஸ்தலை. நம்ம ஆறு! எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேறுமாகக் கடலில் சேர்கிற அதே ஆறு. அங்கிருந்து சில கிலோமீட்டரில், அல்லிக்குழி மலையில், 'குடியம் குகைகள்' என்று இன்னொரு புள்ளி இருந்தது.

மே மாதமே கிளம்பிவிட்டேன். அக்னி நட்சத்திரத்தில் மலையேறப் போகிறவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். மணலி, செங்குன்றம், தாமரைப்பாக்கம், வெங்கல் வழியாக பைக்கில் போனால் வழி நெடுக ஆறு கூடவே வருவதும் ஒளிவதுமாக இருக்கும். மலை என்றால் ஏலகிரி மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். முள்ளும் புதருமாக மெல்ல மேலேறுகிற காப்புக்காடு. வனத்துறை அனுமதியோடு, ஊர்க்காரர் ஒருவர் துணையோடுதான் போனேன். அறுபதைத் தாண்டிய இருளர் பெரியவர். அந்த முதல் நாள் அவர் என்னை "சார்" என்றார்.

மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்த பிறகு திடீரென்று அந்தப் பாறை. நான் எதிர்பார்த்தது ஒரு பொந்து. இருந்தது ஒரு அரங்கம். மேலே பெரிய கூரை முன்னால் நீண்டு நிற்கிறது, அடியில் நல்ல நிழல், ஓரமாக ஊர்க்காரர்கள் கும்பிடுகிற சின்ன அம்மன் கோயில். பாறையைப் பார்த்ததும் எனக்குக் காசிமேட்டுத் துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. உடைந்துபோன கான்கிரீட் கட்டையின் குறுக்குவெட்டில் ஜல்லி தெரியும் இல்லையா, அப்படியே இருந்தது. முட்டை அளவு, தேங்காய் அளவு, பூசணி அளவு உருண்டைக் கற்களை ஏதோ சிமென்டில் குழைத்து மலையாக ஊற்றிய மாதிரி. திரளைப் பாறை என்பார்கள். டைனோசர் காலத்தில் ஏதோ ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கற்கள், பிறகு இறுகி மலையானவை. அந்த உருண்டைகளில் பெரும்பாலானவை குவார்ட்சைட். கெட்டியானது, தட்டினால் கூரான விளிம்போடு உடைவது.

வெளியே கொளுத்துகிறது, உள்ளே குளுகுளு. ஆதிமனிதன் இங்கே குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பான், அந்த மூலையில் நெருப்பு, இந்த மூலையில் குழந்தைகள் என்று எனக்கு ஒரே படம் ஓடியது. குடியம் என்ற பெயரே குடியிருந்த இடம் என்பதால்தான் என்றும் நானாகவே முடிவு கட்டினேன். (ஊர்ப்பெயரை உடைத்து வரலாறு எழுதும் வியாதி எனக்கும் உண்டு. பல லட்சம் வருடம் முன்னால் இருந்தவனுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் முடிச்சுப் போடுவது எவ்வளவு அபத்தம் என்று அன்றைக்கு உறைக்கவில்லை.) நோட்டில் 'ஆதிமனிதனின் வீடு' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டேன். இறங்கி வரும்போது பாதையோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் இரண்டு மூன்று சில்லுகள் பெயர்த்த தடம். வீட்டில் புத்தக அலமாரியில் வைத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

அந்த அடிக்கோட்டையும் அந்தக் கல்லையும் சரிசெய்ய எனக்கு அடுத்தடுத்த பருவங்கள் தேவைப்பட்டன.

முதலில் செப்டம்பர். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கைக்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சாட்சி. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கோடாரிகளை ஐரோப்பிய அறிஞர்கள் மனிதர் செய்தவை என்று ஒப்புக்கொண்டே அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதே 1863இல் செப்டம்பர் 28 அன்று ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் ஓடையில் குவியலாகக் கருவிகளைப் பார்த்தார்கள். நம்ம ஊர்ப் பெருமைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த வருடங்களில் திருவள்ளூர் பக்கம் போக ராயபுரத்தில் ரயில் ஏறினால் போதும். 1856இல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அந்தப் பாதையில்தான் போனது. ஃபூட் குடியம் குகையையும் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் சேகரித்தவை பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழும்பூரில் இன்றும் பார்க்கலாம்.

அதே தேதியில் போக வேண்டும் என்பது ஒரு ரசிகனின் கிறுக்குத்தனம். ஆனால் போன பிறகு ஒன்று புரிந்தது. கோடை இடிமழைகள் ஓடைக் கரைகளை அரித்துவிட்டிருந்தன. மண் சுவரில் கற்கள் புதிதாகப் பல்லிளித்துக்கொண்டு நின்றன. மே மாதம் வந்திருந்தால் தூசிதான் தெரிந்திருக்கும்.

பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது, 1985இல் தொடங்கியது. அங்கே இருந்த ஒருவரிடம் என் கல்லைப் பற்றி மெதுவாகப் பேச்சை எடுத்தேன், போனில் படத்தையும் காட்டினேன். பார்த்தார். "எங்க சார் எடுத்தீங்க?" என்றார். குடியம் போற வழியில. "எந்த இடத்துல? மேல கிடந்ததா, கரையிலேர்ந்து வந்ததா?" தெரியல. "அப்ப இது கல்லு சார்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் சாப்பிடுவதே லாக் ஃபைல்களைப் படித்துத்தான். டைம்ஸ்டாம்ப் இல்லாத ஒரு வரியைக் கொண்டு வந்து "இதை வைத்துக் கண்டுபிடி" என்று ஜூனியர் பையன் சொன்னால் என்ன முகம் காட்டுவேனோ அதே முகத்தை அவர் காட்டினார்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அத்திரம்பாக்கத்தை விட நல்ல உதாரணம் இல்லை. 1999இலிருந்து நடந்த அகழாய்வில் சுமார் 9 மீட்டர் ஆழம்வரை அடுக்கடுக்காகப் போனார்கள். அடியிலிருந்த களிமண் அடுக்கிலிருந்து மட்டும் 3,500க்கும் மேற்பட்ட கருவிகள். அவற்றின் வயதை 2011இல் 'சயின்ஸ்' இதழில் சொன்னார்கள். முறை அழகானது. குவார்ட்சைட் கல் வெட்டவெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கத் தனிமங்கள் மிகமிகச் சிறிய அளவில் உருவாகின்றன. மண்ணில் ஆழமாகப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும். பிறகு இரண்டும் தேயும், ஆனால் வேறு வேறு வேகத்தில். முதலாவது பாதியாகச் சுமார் 7 லட்சம் ஆண்டு, இரண்டாவது பாதியாகச் சுமார் 14 லட்சம் ஆண்டு. ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கி ஒன்று மட்டும் வேகமாகத் தீர்ந்துபோகிற இரண்டு பேட்டரிகள் மாதிரி. மிச்சமிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். இதோடு மண்ணில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்தார்கள். குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று விடை வந்தது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் பிறக்கப் பத்து லட்சம் வருடத்துக்கு மேல் பாக்கி இருந்த காலம். அங்கே விலங்குப் பற்களின் புதைபடிவங்களும் கிடைத்தன: குதிரை இனம், மாட்டு இனம், நீலான் மான். திறந்த புல்வெளியும் தண்ணீரும் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. கைக்கோடாரி செய்யத் தோதான பெரிய கற்கள் அத்திரம்பாக்கத்தில் இல்லை. வெளியிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்கள். பக்கத்தில் அப்படிப்பட்ட கல் எங்கே கிடைக்கும்? அல்லிக்குழி மலையில், அதிலிருந்து உருண்டு வந்த கற்படுகைகளில். கல் மேலே, வாழ்க்கை கீழே. அப்படியானால் என் 'வீடு' என்ன ஆவது?

2019 ஆடியில் மறுபடியும் குடியம் போனேன். சென்னைக்கு மறக்க முடியாத வருடம் அது. நாலு ஏரியும் வறண்டு, குடத்தோடு லாரிக்கு நின்றோமே, அந்த வருடம். 1944இல் திறந்த பூண்டி நீர்த்தேக்கம், கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, வெடித்த வயல் மாதிரி கிடந்தது. மலையில் காற்று மட்டும்தான். பெரியவர் அன்று அதிகம் பேசவில்லை. குகைக்குப் பக்கத்தில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கையை விரித்துவிட்டு, கீழே ஆற்றுப் பக்கம் காட்டினார். "ஊத்து தோண்டினா அங்கதான்."

அதே வருடம் கார்த்திகையில், மழை விட்ட ஓர் ஞாயிறு. பாதையே ஓடையாகியிருந்தது. கூரை விளிம்பிலிருந்து வரிசையாக நீர் சொட்டுகிறது, அது பரவாயில்லை. உள்ளேயும் கசிகிறது. கோடையில் நான் ஆசையாக உட்கார்ந்த தரை சொதசொதவென்று இருந்தது. உட்காரப் போனேன். பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க உக்காராத தம்பி. மழையில ஊறிச்சின்னா கல்லு உதிரும்."

அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க பூசணிகளும் தேங்காய்களும். ஒவ்வொன்று உதிர்ந்த இடத்திலும் ஒரு குழி. தரையில் கிடக்கிற கற்களெல்லாம் எங்கிருந்து வந்தவை என்று அப்போதுதான் புரிந்தது. மே மாதம் அவற்றைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

"ஐயா, நீங்க யாரும் இங்க ராத்திரி தங்குவீங்களா?"

"மழைக்கு ஒதுங்குவோம். பூசைக்கு வருவோம். தங்கறதுக்கு இது என்ன வீடா?"

சார் எப்போது தம்பி ஆனது என்பதைத் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்.

தை மாதம்தான் போக வேண்டிய மாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். பனி, பச்சை, நடக்க இதமான வெயில். உண்மைதான், அவ்வளவு அழகு. ஆனால் கூரையில் பெரிய பெரிய தேன்கூடுகள் தொங்கின. மலைத்தேனீ. வாசனை பூசிக்கொண்டு வந்திருக்கிறாயா என்று பெரியவர் தூரத்திலேயே நிறுத்தி முகர்ந்து பார்த்தார். சத்தம் போடாமல், புகை இல்லாமல், பத்து நிமிடத்தில் வெளியே வந்தோம். அந்த மூலையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பான் என்று நான் வரைந்த படத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன் என்று சொல்ல வரவில்லை. 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி குடியம் குகையில் குழி வெட்டிப் பார்த்திருக்கிறார். அச்சூலியத்தின் கடைசிக் கட்டத்துக் கருவிகளிலிருந்து சின்னஞ்சிறு நுண்கருவிகள்வரை கிடைத்தன. அதாவது வெவ்வேறு காலத்து ஆட்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். ஆனால் ஆள் தங்கி வாழ்ந்த இடத்தில் குவிகிற அளவுக்கு எதுவும் இல்லை. அத்திரம்பாக்கத்தின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அறுபது வருடம் முன்னால் வந்த முடிவு. நான் அதை முதலிலேயே படித்தும் இருந்தேன். ஆனால் அந்த நிழலில் உட்கார்ந்ததும் படித்தது மறந்து, குகை என்றால் வீடு என்ற ஸ்கூல் புத்தகப் படம் மேலே வந்துவிட்டது. ஐரோப்பாவின் பனிக்காலத்துக் குகைகளிலிருந்து வந்த படம் அது. நம் வெயிலுக்கும் மழைக்கும் அது பொருந்துமா என்று கேட்க எனக்கு நாலு பருவம் ஆகியிருக்கிறது. பானர்ஜியின் குழி சொன்னதும், ஒதுங்குவோம், தங்க மாட்டோம் என்று பெரியவர் சொன்னதும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது. கல் எடுக்க, மழைக்கு ஒதுங்க, ஒருவேளை தேனுக்கும் வந்துபோயிருப்பார்கள் என்பது என் ஊகம். அவர்கள் இருந்தது ஆற்றோடுதான்.

சரி, கல் கதைக்கு வருகிறேன். அந்தத் தை மாதப் பயணத்தில் அதைத் திரும்ப எடுத்துப் போனேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று. பாதையோரம் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மே மாதத்துப் பாதைக்கும் தை மாதத்துப் பாதைக்கும் சம்பந்தமே இல்லை, புல் இடுப்பளவு நின்றது. பெரியவர் "இங்க வெச்சா என்ன, அங்க வெச்சா என்ன, எல்லாம் மலைதான்" என்றார். ஒரு மரத்தடியில் வைத்தேன். இனி யாராவது அதைப் பார்த்து ஏதாவது முடிவுக்கு வந்தால் அந்தத் தப்புக்கு நான்தான் பொறுப்பு.

அப்புறம் கொரோனா. இடையில் போகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பூண்டி திறந்தார்கள், வழக்கமான எச்சரிக்கை, வழக்கமான தண்ணீர். ஆனால் இந்தத் தடவை வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கழிமுகத்தில் பரவியது. எண்ணூர்க் குப்பங்களில் படகும் வலையும் கறுப்பாகின. மீனவர்கள் வாளியிலும் முறத்திலும் எண்ணெயை வழித்து எடுத்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். நான் பாலத்தின்மேல் நின்று பார்த்தேன். அதே ஆற்றின் மேல்முனையில் 15 லட்சம் வருடத்துக் களிமண், விலங்குகளின் குளம்புக் குழிகள்கூட அழியாமல், அடுக்குக் குலையாமல் இருந்திருக்கிறது. இந்த முனையில் 2023 டிசம்பரின் அடுக்கு என்னவாகப் படியும் என்று தெரிந்துவிட்டது.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ரோடு போடப் போட ரோடு ஏறும், வீடு இறங்கும். 2014இல் தரையை இரண்டடி உயர்த்தினோம். அடியில் நிரப்ப மூன்று லோடு கிராவல் அடித்தோம். செம்மண்ணும் சரளையுமாக நல்ல சரக்கு. எங்கேயிருந்து என்று மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "திருவள்ளூர் பக்கம் சார், பூண்டிக்கு அந்தாண்ட" என்றார். அந்தச் சிவந்த சரளை அடுக்குகளில்தான் பல்லாவரத்திலிருந்து ஆரணியாறுவரை ஃபூட் காலத்திலிருந்து கருவிகள் கிடைத்துவருகின்றன. அன்றைக்கு அதை மண்வெட்டியால் பரப்பியதில் நானும் ஒருத்தன். கல்லைக் கையால் பொறுக்கி ஓரமாகப் போட்டோம், திமிசு போடும்போது இடிக்கிறது என்று. பெரிய கல்லெல்லாம் வாசல் படிக்கு அடியில் போனது. மிச்சம் ஹாலில், டைல்ஸுக்குக் கீழே.

கார்த்திகை மழையில் அம்மா இப்போது அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுவதில்லை. தரை உயர்ந்துவிட்டதால் தண்ணீர் உள்ளே வருவதில்லை.